பழைய கார்ட்டூன் படம்தான் உசத்தியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்த நேரம். அக்கா மகள் டிவியில் 'ஃப்ரோஸன்' போட்டிருந்தாள், எத்தனையாவது தடவை என்று அவளுக்கே கணக்கில்லை. ஈஸி சேரில் கிடந்த மாமா சொன்னார்: "அந்தக் காலத்துல ஒவ்வொண்ணையும் கையால வரைஞ்சாங்க. படத்துல உயிர் இருந்துச்சு, கதையும் இருந்துச்சு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா வந்துருது." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழசெல்லாம் போரடிக்கும் தாத்தா."

ரெண்டு பேர் பேச்சிலும் ஒரே முடிச்சுதான். படம் பார்க்க எப்படி இருக்கிறது என்பதையும் கதை எப்படி இருக்கிறது என்பதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். கோடு, வண்ணம், அசைவு எல்லாம் காலத்துக்குக் காலம் மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் காசும் கருவியும். கதை தேறுவதும் தேறாததும் வேறு இடத்தில், வரையத் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிற சமாச்சாரம். இதை அமெரிக்காவின் டிஸ்னி ஸ்டுடியோவை வைத்துப் பார்க்கலாம். 1937 முதல் இன்றுவரை ஒரே கூரையின் கீழ் முழுநீளப் படம் எடுத்துவருகிறார்கள், அதனால் எது எப்போது மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

புள்ளி வைப்பவரும் கோடு இழுப்பவரும்

திரையில் எதுவும் அசைவதில்லை. ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறிய படங்கள் வேகமாக வந்து போகின்றன, கண் அதை அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி வந்து போகும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும் பிரேம் என்று பெயர். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம்.

மார்கழியில் வாசலில் பெரிய புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கைதேர்ந்த பெரியம்மா புள்ளிகளை வைத்துவிடுவார். எங்கே வளையும், எங்கே முடியும் என்பது அதிலேயே தீர்மானமாகிவிடும். பிறகு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து இழையை இழுத்துச் சேர்ப்பார்கள். கை அனிமேஷனும் இப்படித்தான். ஒருவன் நாற்காலியிலிருந்து எழுகிறான் என்றால், உட்கார்ந்திருப்பது, முன்னால் சாய்வது, நிமிர்ந்து நிற்பது என்று முக்கியமான நிலைகளை மட்டும் மூத்த கலைஞர் வரைவார். இவை கீ படங்கள். நடுவில் வரவேண்டியவற்றை உதவியாளர்கள் நிரப்புவார்கள், அவை இடைப்படங்கள். அவன் குண்டா ஒல்லியா, சோம்பலில் எழுகிறானா கோபத்தில் எழுகிறானா என்பதெல்லாம் கீ படத்திலேயே வந்துவிடும். இடைப்படம் கோணினால் அது அப்பட்டமாகத் தெரியும், சரியாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. பாவப்பட்ட வேலை.

பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற ஒரு தாளில் மையால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். அந்தத் தாளுக்குப் பெயர் செல். டிஸ்னியில் இந்த மை, வண்ண வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காடு, வீடு, வானம் போன்ற பின்னணியை ஒவ்வொரு பிரேமுக்கும் வரையத் தேவையில்லை. நாடகத்தில் பின்னால் தொங்கும் படுதா மாதிரி ஒன்றை வரைந்து வைத்து, அதன்மேல் செல்லை மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடித்தார்கள்.

1937 டிசம்பரில் வெளியான 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிடம். கணக்குப் போட்டால் 1,19,520 பிரேம். ஆனால் அத்தனையும் தனித்தனியாக வரையப்பட்டதில்லை. சாதாரண அசைவுக்கு ஒரு படத்தையே இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேகமான அசைவு என்றால் பிரேமுக்கு ஒரு படம். இந்தச் சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், கீ படத்தில் நடிப்பு, இடைப்படத்தில் ஓட்டம், செல்லில் கோடும் வண்ணமும், பின்னால் ஒரு படுதா. இவற்றில் எதில் காசை மிச்சம் பிடித்தாலும் படத்தின் முகம் மாறிவிடும்.

காசு குறைந்தால் கோடு மாறும்

'ஸ்னோ ஒயிட்' வசூலை அள்ளியது. அந்தத் தெம்பில் 1940-ல் 'பினோக்கியோ', 'ஃபாண்டாசியா' என்று இரண்டு பெரிய படங்கள். அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டு அந்தச் சந்தையே அடைபட்டுப்போக, இரண்டுமே கையைக் கடித்தன. 'பினோக்கியோ' செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். அடுத்த வருடமே வந்த 'டம்போ' 10 லட்சத்தைத் தொடவில்லை. 64 நிமிடம்தான், பின்னணியெல்லாம் லேசான நீர்வண்ணம், உருவங்களும் எளிமை. சிக்கனம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு இடம். தாய் யானையைச் சங்கிலியால் பிணைத்து வண்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். குட்டி வெளியே நிற்கிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கம்பிக்கு வெளியே தும்பிக்கை மட்டும் நீண்டு வந்து, குட்டியைத் தடவித் தேடி, தூக்கி ஊஞ்சலாட்டுகிறது. பின்னணியில் பெரிதாக ஒன்றுமில்லை. நான் பார்த்தவரை இந்த ஸ்டுடியோவில் இதைவிட மனதைப் பிசைகிற காட்சி நாலைந்து தேறினால் அதிகம். ஏழைப் படத்தில்தான் அது இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், 1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'. கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர், பல வருட உழைப்பு, 70 எம்.எம். அகலத் திரை. ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியர் பின்னணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இடைக்கால ஐரோப்பியச் சித்திரங்கள் போல மரங்கள் செங்குத்தாக, சதுரம் சதுரமாக, அடிமரத்துப் பட்டைவரை துல்லியம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சுவரில் மாட்டலாம். கதை? நாயகி திரையில் இருப்பதே 20 நிமிடத்துக்குள். அவள் என்ன நினைக்கிறாள், அவளுக்கு என்ன வேண்டும் என்பது பிடிபடுவதற்குள் தூங்கிவிடுகிறாள். முதல் சுற்றில் போட்ட பணம் திரும்பவில்லை, ஸ்டுடியோவில் ஆட்குறைப்பு வந்தது.

அடுத்தது செலவைக் குறைத்தே ஆகவேண்டிய படம், 1961-ன் '101 டால்மேஷன்ஸ்'. கதை முழுக்க உடம்பெல்லாம் புள்ளி போட்ட நாய்கள். ஒவ்வொன்றையும் செல்லில் கையால் படியெடுத்தால் தீராது. அப் ஐவர்க்ஸ் என்ற பழைய கூட்டாளி ஒரு வழி செய்தார். நம் ஊர் ஜெராக்ஸ் கடைத் தத்துவமேதான்! பென்சில் படத்தை இயந்திரமே செல்லில் பதித்துவிடும். மை போடும் கட்டம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

விளைவைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு படங்களையும் நிறுத்தி வைத்துப் பாருங்கள். 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் இளவரசியின் கன்னத்தோரக் கோடு தோலின் நிறத்திலேயே, மயிரிழையாகக் கரைந்திருக்கும். 'டால்மேஷன்ஸ்' நாயின் முதுகில் கோடு கறுப்பு, கொஞ்சம் சொரசொரப்பு, சில இடத்தில் பென்சில் இரண்டு முறை இழுத்த தடம்கூட அப்படியே இருக்கும். ஸ்டுடியோவை நிறுவிய வால்ட் டிஸ்னிக்கு அந்தத் தோற்றம் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். படியெடுத்தவர் கை நடுவில் இல்லாமல், வரைந்தவருடைய கையே திரைக்கு வந்த முதல் பெரிய படம் அது என்று சொல்லலாம். 'கையால் வரைந்த உயிர்' என்று மாமா சொல்வது நகலெடுக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது என்றால் அவர் நம்பமாட்டார்.

சிக்கனம் எல்லை தாண்டிய கதையும் உண்டு. 1973-ன் 'ராபின் ஹுட்' நடனக் காட்சியில் நரிப் பெண் ஆடும் ஆட்டம், 'ஸ்னோ ஒயிட்' ஆடிய அதே ஆட்டம். பழைய படங்களை எடுத்து மேலேயே உருவம் மாற்றி வரைந்துவிட்டார்கள். ஆக, 'அந்தக் காலம்' என்று ஒரே காலம் இருந்ததில்லை. அதற்குள்ளேயே பெரும் பணக்கார வருடமும் பழைய துணியைத் திருப்பித் தைத்த வருடமும் இருக்கின்றன.

சுவரில் குத்தி வைத்த கதை

இந்தப் படங்களின் கதை காகிதத்தில் எழுதி முடிவதில்லை. காட்சி காட்சியாகச் சின்னச் சின்னப் படம் கிறுக்கி, ஒரு பலகையில் வரிசையாகக் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். இதுதான் ஸ்டோரிபோர்டு. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னியில் உருவான பழக்கம், இன்று எல்லா ஊர் சினிமாவிலும் இருக்கிறது. ஒருவர் குச்சியை வைத்துக் காட்டிக் காட்டி நடித்துச் சொல்ல, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். யாரும் சிரிக்காத இடத்தில் தாளைப் பிடுங்கி வேறு குத்து. பிறகு அந்தக் கிறுக்கல்களையே வரிசையாகப் படம்பிடித்து, தற்காலிகக் குரலும் சத்தமும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு ஸ்டோரி ரீல் என்று பெயர். கல்யாணப் புடவையை வெட்டும் முன் பழைய வேட்டியில் அளவு பார்ப்பது போல. கிறுக்கலைக் கிழித்துப் போடுவதில் நஷ்டம் ஒரு தாள். அனிமேஷன் முடிந்த பிறகு கிழித்தால் நஷ்டம் மாதக்கணக்கான உழைப்பு.

அப்படியும் கிழித்தார்கள். 'ஸ்னோ ஒயிட்'டில் குள்ளர்கள் சத்தம் போட்டு சூப் உறிஞ்சும் காட்சி ஒன்று இருந்தது. வார்ட் கிம்பல் என்ற இளம் கலைஞர் மாதக்கணக்கில் வரைந்து முடித்துவிட்டார். நன்றாகவும் இருந்தது. வால்ட் டிஸ்னி அதைத் தூக்கிவிட்டார், கதை ராணியின் பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் அது குறுக்கே நின்றது என்பதால். கிம்பல் வேலையை விட்டே போய்விடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டாராம். நல்ல காட்சியைக் கதைக்காகப் பலி கொடுக்கும் இந்தக் குரூரம்தான் அந்தப் படத்தைத் தாங்கி நிற்கிறது. கோடு அழகாக இருப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு 1985-ன் 'தி பிளாக் கால்ட்ரன்' இருக்கிறது. அதுவரை ஸ்டுடியோ எடுத்ததிலேயே அதிகச் செலவு. முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு, வரைந்து வண்ணம் பூசி இசையும் சேர்த்த பகுதிகளில் சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். இசை நடுவில் தாவுவது காதிலேயே கேட்கும். படம் படுத்துவிட்டது.

1989-ல் என்ன நடந்தது?

டிஸ்னியின் 'இரண்டாம் பொற்காலம்' என்று எல்லோரும் சொல்கிற காலம் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் தொடங்குகிறது. ஓவியர்கள் திடீரென்று நன்றாக வரையத் தொடங்கிவிடவில்லை. நாடக மேடையிலிருந்து ஹோவர்ட் ஆஷ்மன் என்ற பாடலாசிரியர் வந்தார், இசையமைப்பாளர் ஆலன் மென்கனோடு. அவர் கொண்டுவந்தது ஒரு பழைய மேடைச் சூத்திரம். கதையின் தொடக்கத்திலேயே நாயகி தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிட வேண்டும். நம் கூத்தில் பாத்திரம் உள்ளே வந்ததும் தான் யார், எதற்கு வந்தேன் என்று பாடுமே, கிட்டத்தட்ட அது. பார்ப்பவர் அந்த ஆசையைத் தோளில் ஏற்றிக்கொண்டார் என்றால் மீதிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தூங்கிப்போன இளவரசியிடம் இல்லாமல்போனது இதுதான்.

அந்தப் பாட்டே வெட்டுப்படப் பார்த்தது. படம் முழுதாக முடியாத நிலையில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் அவர்கள் நெளிந்தார்கள். ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்சன்பெர்க் எடுத்துவிடலாம் என்றார். ஆஷ்மனும் இயக்குநர்களும் கலைஞர்களும் மல்லுக்கு நின்றார்கள். வண்ணத்தோடு மறுபடி போட்டபோது குழந்தைகள் அசையாமல் பார்த்தார்கள். கதையும் ஓவியமும் வேறு வேறு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தாலும், பென்சில் கோட்டில் நெளிந்த அதே பிள்ளைகள் வண்ணத்தில் அடங்கினார்கள் என்பதை மறைக்க முடியாது. கதை சரியாக இருந்தும் ஓவியம் வந்து சேரும்வரை அது பிடிபடாமல் போகலாம்.

இன்னொரு விஷயம். 'தி லயன் கிங்' போன்ற 90-களின் படங்களைத்தான் பலரும் 'முழுக்கக் கையால் வரைந்தவை' என்று சொல்வார்கள். வரைந்தது கையால்தான். வண்ணம் கணினியில். 1990-லிருந்து டிஸ்னி செல் தாளையே கைவிட்டுவிட்டது. பென்சில் படத்தை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றி, வண்ணம் பூசுவதும் பின்னணியோடு சேர்ப்பதும் திரையில். 1991-ன் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' நடன மண்டபத்தில் பார்வை சரவிளக்குக்கு மேலிருந்து இறங்கிச் சுழன்று வருமே, அந்த மண்டபம் கணினியில் கட்டியது. ஆடும் இருவர் மட்டும் பென்சிலில் பிறந்தவர்கள். 'லயன் கிங்'கில் பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் காட்டெருமைக் கூட்டமும் கணினி வேலை.

பட்டனைத் தட்டினால் வருமா?

1995-ல் பிக்ஸார் என்ற ஸ்டுடியோ டிஸ்னியோடு சேர்ந்து எடுத்த 'டாய் ஸ்டோரி' முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். இங்கே வரைவது இல்லை, செய்வது. களிமண் பொம்மை போல ஒரு உருவத்தைக் கணினிக்குள் செய்து, அதற்குள் மூட்டுகளும் இழுவைகளும் பொருத்துவார்கள். அந்த இழுவைத் தொகுப்புக்கு ரிக் என்று பெயர். பொம்மலாட்டப் பாவைக்கு ஏழெட்டுக் கயிறு இருக்குமா? படத்தின் நாயகனான வுடி பொம்மைக்கு 700-க்கு மேல். ஒரு புருவத்தைச் சந்தேகமாகத் தூக்க எந்தெந்த இழுவையை எவ்வளவு இழுப்பது என்று ஆள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கீ படம் இங்கேயும் உண்டு, காகிதத்தில் இல்லாமல் பொம்மையின் நிலையாக. இடைப்பட்டதைக் கணினி நிரப்பும். ஆனால் கணினிக்குக் கனம் தெரியாது, தயக்கம் தெரியாது. அதன் போக்கில் விட்டால் எல்லாம் தண்ணீருக்குள் மிதப்பது போல வரும். கலைஞர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவார். பிறகு ஒளி, நிழல், தோல், துணி எல்லாவற்றையும் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவதற்கு ரெண்டரிங் என்று பெயர். அதற்கு ஒரு பிரேமுக்கே மணிக்கணக்காகும். முதல் படத்துக்குப் பொம்மைகளைப் பிடித்ததிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்றைய கணினிக்குப் பிளாஸ்டிக் நன்றாக வரும், முடியும் தோலும் வராது. அதில் வரும் மனிதர்களைப் பார்த்தால் தெரியும், பயமாக இருப்பார்கள்.

இவ்வளவு புதிய கருவி இருந்தும் படம் பிழைத்தது பழைய சுவரில்தான். 1993 நவம்பரில் ஸ்டோரி ரீலை டிஸ்னி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் வுடி சிடுமூஞ்சி, கூட இருப்பவர்களை விரட்டுகிறவன், பஸ் லைட்இயர் என்ற புதுப் பொம்மையை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளுகிறவன். யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. வேலை நிறுத்தப்பட்டது. வாரக்கணக்கில் உட்கார்ந்து கதையைத் திரும்பக் கட்டினார்கள். நாம் பார்த்த வுடி அதற்குப் பிறகு வந்தவன்.

கையானாலும் கணினியானாலும் நிலைகளைத் தீர்மானிப்பது ஆள், நடுவை நிரப்புவதும் பளபளப்பாக்குவதும்தான் கைமாறின. கிழித்துப் போடும் சுவர் அப்படியே இருக்கிறது.

2002: ஒரே வருடம், இரண்டு படம்

கணினிப் படங்கள் கல்லா கட்டுவதைப் பார்த்துவிட்டு, கைப் படத்துக்குக் காலம் முடிந்தது என்று டிஸ்னி மேலிடம் நினைக்கத் தொடங்கியது. 2002-ல் அவர்களே இரண்டு கைப் படம் வெளியிட்டார்கள். 'ட்ரெஷர் பிளானட்' 14 கோடி டாலர் செலவில் கையும் கணினியும் கலந்த பிரம்மாண்டம். வசூலில் மண்ணைக் கவ்வியது. 'லிலோ அண்ட் ஸ்டிச்' அதைவிடச் சிறியது, அக்காவும் தங்கையும் பெற்றோர் இல்லாமல் குடும்பமாக இருக்கப் படும் பாடு. அது ஓடியது. அதன் பின்னணிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள், 'டம்போ' காலத்துக்குப் பிறகு விட்டுப்போயிருந்த முறை. அதே 2002-க்கான ஆஸ்கரை இந்த இரண்டையும் தாண்டி வாங்கியது ஜப்பானின் 'ஸ்பிரிட்டட் அவே', அதுவும் கைப் படம்.

கண்ணெதிரே இத்தனை இருந்தும், பழி பென்சில்மேல் விழுந்தது. 2004-ல் 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்' முடிந்ததும் கைப் படப் பிரிவை மூடினார்கள். மாமா சொன்னதையே தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2009-ல் திரும்ப முயன்றார்கள், நிலைக்கவில்லை.

சல்லடையில் தங்கியவை

'பழசெல்லாம் நல்ல படம்' என்று தோன்றுவதற்கு இன்னொரு எளிய காரணம், மோசமான பழசு நம்மிடம் வந்து சேரவில்லை. 1940-களில் பணமில்லாமல் குறும்படங்களைக் கோர்த்துக் கோர்த்து டிஸ்னி ஆறு படம் வெளியிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஒன்றின் பெயர் தெரியுமா? 'ஸ்னோ ஒயிட்'டையோ 1944 தொடங்கித் திரும்பத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். 80 வருடச் சல்லடையில் தங்கியதையும் போன வெள்ளிக்கிழமை வந்த அத்தனையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பழசுதான் ஜெயிக்கும்.

அக்கா மகளின் 'ஃப்ரோஸன்' அந்தச் சல்லடையில் தங்கும் என்றுதான் நினைக்கிறேன். அதில் வரும் ராணி எல்சாவை முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள். 'லெட் இட் கோ' பாட்டு வந்து கேட்டதும், இப்படிப் பாடுகிறவள் எப்படி வில்லியாவாள் என்று கதையையே திருப்பி எழுதினார்கள்.

பிரேமை எண்ணிப் பார்த்தோம்

கணினிப் படங்கள் மேலும் மேலும் நிஜம் போல ஆகிக்கொண்டே போய், 2018-ல் சோனியின் 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' வண்டியைத் திருப்பியது. முகத்தில் கையால் இழுத்தது போன்ற மைக்கோடு, நிழலுக்குப் பழைய காமிக்ஸ் அச்சின் புள்ளிகள். கூடவே முதலில் சொன்ன அந்த இரண்டு பிரேம் கணக்கு. கணினிக்குப் பிரேமுக்கு ஒரு நிலை கொடுப்பதில் கஷ்டமே இல்லை. ஆனாலும் வேண்டுமென்றே பல இடங்களில் இரண்டு பிரேமுக்கு ஒன்று என்று நிறுத்தினார்கள்.

இலையுதிர்ந்த காட்டுக்குள் பையன் மைல்ஸ் வலைவீசித் தாவக் கற்றுக்கொள்ளும் காட்சி. பக்கத்திலேயே அனுபவசாலியான பீட்டர் தாவுகிறார். லேப்டாப்பில் அந்த இடத்தை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாகத் தள்ளினேன். அக்கா மகள் எண்ணினாள்.

"இவர் நகர்றார்... அவன் நகரல. இவர் நகர்றார், அவனும் நகர்றான். இவர் நகர்றார்... அவன் நகரல."

பீட்டருக்குப் பிரேமுக்கு ஒரு நிலை, மைல்ஸுக்கு இரண்டு பிரேமுக்கு ஒன்று. அதனால்தான் பையன் தடுமாறுவது போலத் தெரிகிறது. ஓட்டிப் பார்க்கும்போது ஏன் என்று சொல்லத் தெரியாது, உடம்புக்கு மட்டும் தெரியும். தாவப் பழகிய பிறகு அவனுக்கும் பிரேமுக்கு ஒன்றாகிவிடுகிறது.

மாமா ஈஸி சேரிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, திரைக்கு அரையடி தள்ளி உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து போடு," என்றார், "மெதுவா."